ஹாட்ஸ்பாட் போட்டு டிவி பார்க்கலாமா?

கேள்வி: புதிதாக 32 அங்குல ஸ்மார்ட் டிவி வாங்கினோம். என் செல்போனில் தினம் 2 ஜிபி பேக். அதை ஹாட்ஸ்பாட் போட்டு டிவிக்குக் கொடுத்தால் படம் பாதியிலேயே சுற்ற ஆரம்பிக்கிறது. வீட்டில் தினம் நாலு மணி நேரம் டிவி ஓடும். ஃபைபர் போடுவதா, மாடியில் ஆன்டெனா வைக்கும் ஏர்ஃபைபர் போதுமா? இரண்டுமே ‘அன்லிமிடெட்’ என்கிறார்களே, நம்பலாமா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தப்பு செல்போனில் இல்லை அம்மா. ஹெச்டி தரத்தில் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை செலவாகும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. உங்கள் 2 ஜிபி நாற்பது நிமிடத்துக்குத்தான் வரும், இடைவேளையைக்கூடத் தொடாது. அதற்கப்புறம் பல பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ். வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் ஓடாது.

நாலு மணி நேரத்துக்கு 12 ஜிபி, மாதம் 360 ஜிபி. இணைப்பு கேட்கப் போகும்போது இந்த எண் உங்கள் கையில் இருக்கட்டும். ‘அன்லிமிடெட்’ என்ற விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் எஃப்யூபி என்று ஒரு வரம்பு இருக்கும். ஃபைபரில் பெரும்பாலும் மாதம் 3300 ஜிபி, ஏர்ஃபைபரில் 1000 ஜிபி. தாண்டினால் நெட் நிற்காது, வேகம்தான் விழும். உங்களுக்கு இரண்டுமே தாராளம். ஹெச்டியைவிடத் துல்லியமான 4கே தரத்தில் பார்ப்பவர்களுக்கு மணிக்கு 7 ஜிபி வரை போகும். மாதம் 840 ஜிபி ஆகிவிடுவதால், அவர்கள்தான் ஏர்ஃபைபருக்கு யோசிக்க வேண்டும்.

32 அங்குல டிவி பெரும்பாலும் 720பி, அதாவது சாதாரண ஹெச்டி திரைதான். அதில் 4கே பார்க்கப் பணம் கட்டாதீர்கள். நெட்ஃபிளிக்ஸின் மொபைல் திட்டம் விலை குறைவு என்று கட்டிவிடவும் வேண்டாம், அது டிவியில் வராது. வேகத்துக்கும் அதே கணக்கு: அதைவிடத் துல்லியமான 1080பி படத்துக்கே 5 எம்பிபிஎஸ் போதும் எனும்போது 30 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மேல் உங்களுக்கு எதற்கு? சொல்லும் விலையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெருவுக்கு ஃபைபர் வந்திருந்தால் அதையே போடுங்கள் என்பேன். ஆனால் நம் ஊரில் ‘தானே’ புயல் அடித்த 2011-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம், 2024-இல் ‘ஃபெஞ்சல்’ வேறு. கம்பத்தில் தொங்கும் கேபிள் அறுந்தால் யார் வருவார்கள், எத்தனை நாளில் வருவார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். ‘ஆறு மாதம் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி’ என்பார்கள். சம்மதிக்காதீர்கள். ஒரு மாதம் மட்டும் கட்டி, தெருவே நெட்டில் இருக்கும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு படம் போட்டுப் பாருங்கள். கரண்ட் போனால் மோடமும் அணைந்துவிடும், அதற்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வைப்பது நல்லது.

இணைப்பு வரும்வரை வீடியோவின் தரத்தை 480பி-க்கு இறக்கி வையுங்கள். மணிக்குச் சுமார் 0.7 ஜிபிதான் ஆகும். அதே 2 ஜிபியில் ஒரு முழுப் படம் பார்த்துவிடலாம்.