ரோட்கிங்கை விற்றுப் புதிய யெஸ்டி வாங்கலாமா?

வணக்கம். தங்கள் தந்தையார் ஓட்டிய யெஸ்டி ரோட்கிங் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டுப் புதிய யெஸ்டி ரோட்ஸ்டரை வாங்கினால் அதே அனுபவம் கிடைக்குமா என்றும், இல்லையேல் புதியதன் உதிரிபாகங்கள் பழையதற்குப் பொருந்துமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் என் பதில், இல்லை என்பதுதான்.

1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வண்டிகளைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டது. மஹிந்திரா குழுமத்தைச் சேர்ந்த கிளாசிக் லெஜண்ட்ஸ் 2018-இல் அந்த ஆலையின் முந்தைய வண்டிப் பெயரான ஜாவாவையும் 2022-இல் யெஸ்டியையும் மீண்டும் கொண்டுவந்தபோது, பழைய பெயரையும் தோற்றத்தின் சாயலையும் எடுத்துக்கொண்டதே தவிர, இயந்திரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ரோட்கிங், பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய 250 சிசி டூ-ஸ்ட்ரோக் (பிஸ்டனின் இரண்டே அசைவுகளில் ஒரு சுற்றை முடிக்கும் இயந்திரம்) வண்டி. கிக்கரையே மடக்கிக் கியர் லீவராகப் பயன்படுத்தும் அந்த விசித்திர ஏற்பாடு அதன் தனி அடையாளம். ரோட்ஸ்டரோ திரவக் குளிர்விப்பு கொண்ட 334 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் (நான்கு அசைவுகளில் ஒரு சுற்றை முடிப்பது). ஒற்றை சிலிண்டருக்கு இரட்டைச் சைலன்சர் என்ற பழைய வழக்கத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய சத்தம் அதில் வராது.

இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். இன்றைய புகை விதிகளின்கீழ் அந்த டூ-ஸ்ட்ரோக்கை அப்படியே புதிதாக விற்க வழியே இல்லை. நாள்தோறும் அலுவலகம் செல்லத்தான் வண்டி வேண்டுமென்றால் ரோட்ஸ்டரைத் தாராளமாக வாங்குங்கள். அதற்காக ரோட்கிங்கை விற்க வேண்டாம். முதலில் அதன் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றிதழைப் பாருங்கள்: 15 ஆண்டுகளுக்குப் பிறகு 5 ஆண்டுகளுக்கொரு முறை அதைப் புதுப்பித்தாக வேண்டும்.