மூட்டு மாற்று: மடங்கினால் மட்டும் போதுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். முழங்கால் மூட்டு மாற்று செய்துகொள்ளலாமா? (திண்டுக்கல் வாசகர்)

சர்க்கரை எவ்வளவு என்று எழுதவில்லை. வயதும் இல்லை, என்ன மாத்திரை என்பதும் இல்லை. இதை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை 7.5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 8-ஐத் தாண்டினால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதே பாதுகாப்பு. புண் ஆறத் தாமதமாகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், உள்ளே வைத்த உலோகத்தில் கிருமி படிந்துவிட்டால் மருந்தால் மட்டும் அதை அகற்றுவது மிகக் கடினம். அம்மாவின் பாதத்தையும் திருப்பிப் பாருங்கள். ஆழமான பித்தவெடிப்பு, விரலிடுக்கில் சேற்றுப்புண், சொத்தைப்பல், நீர்க்கடுப்பு, இதில் எது இருந்தாலும் முதலில் அதைக் குணப்படுத்திவிட்டுத்தான் தேதி வாங்க வேண்டும்.

அப்பா இதயத்துக்காக 'ரத்தம் நீர்க்கிற மாத்திரை' சாப்பிடுகிறார். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது? (மதுரை வாசகர்)

மாத்திரையின் பெயர் என்ன? அட்டையைப் பார்த்து எழுத ஒரு நிமிடம் ஆகாது. குளோபிடோக்ரெல் என்றால் பொதுவாக 5 முதல் 7 நாள். ஆஸ்பிரினைப் பலருக்கு நிறுத்துவதே இல்லை. ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால் இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரையைக்கூட விடக் கூடாது.

ஆபரேஷன் முடிந்து 5 வாரம். 110 டிகிரி மடங்குகிறது. ஆனாலும் விந்தி விந்தித்தான் நடக்கிறேன், தொடை ஓய்ந்துபோகிறது. ராத்திரி வலி தெரியாமல் இருக்க முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கிறேன். (தஞ்சாவூர் வாசகி)

காரணம் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. அந்தத் தலையணையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

வருகிற கடிதங்களில் பாதி, எத்தனை டிகிரி மடங்க வேண்டும் என்பதுதான். கால் எவ்வளவு நீள்கிறது என்று கேட்பவர் இல்லை. சமதரையில் நடக்க 70 டிகிரி மடங்கினால் போதும். ஆனால் நிற்பதற்குக் கால் முழுதாக நீண்டாக வேண்டும். நேராக நீண்ட கால் தூண் மாதிரி எடையைத் தாங்கும். 10 டிகிரி குறைந்தாலே தொடைத்தசை ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். தொடை சோர்வதும் விந்துவதும் அதனால்தான். கொஞ்ச நாளில் இடுப்பும் வலிக்கும்.

வீங்கிய முட்டிக்கு 20, 30 டிகிரி மடங்கியிருந்தால் சுகம். உள்ளே கோத்த நீருக்கு அந்த நிலையில்தான் இடம் அதிகம். தலையணை தரும் சுகம் அதுதான். ராத்திரி 8 மணி நேரம் அப்படிக் கிடந்தால் மூட்டின் பின்புறச் சவ்வும் பின்தொடைத் தசையும் சுருங்க ஆரம்பிக்கும். பகலில் அரை மணி நேரம் செய்த பயிற்சி அதோடு போச்சு.

துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டிக்கு அடியில் ஒன்றும் இருக்கக் கூடாது. 10 நிமிடம், நாளுக்கு நான்கைந்து தடவை. அப்படியே முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்தி 5 எண்ணும் வரை பிடித்து விடுங்கள், 15 தடவை. தொடைமேல் கை வைத்தால் தசை கல் மாதிரி இறுகுவது தெரிய வேண்டும். இறுகவில்லை என்றால் நீங்கள் இடுப்பைத்தான் அழுத்துகிறீர்கள். மெத்தை இல்லாத கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் யாரையாவது உள்ளங்கையை நுழைக்கச் சொல்லுங்கள். தாராளமாகப் போய்வந்தால் இன்னும் நீளவில்லை என்று அர்த்தம். வீக்கத்துக்காகக் காலை உயர்த்துவதென்றால் தலையணையை நெடுக்காக, கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் கீழே வைக்க வேண்டும்.

5 வாரத்தில் திசு இன்னும் இளக்கமாகத்தான் இருக்கும். மூன்று மாதம் தாண்டினால் தழும்பு இறுகிவிடும். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் காட்டுங்கள்.

நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து நீவிவிடலாமா? (ஈரோடு வாசகர்)

கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. நீவும்போது அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவதுதான் சரியான வழி, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு 15, 20 தடவை. கெண்டைக்கால் புதிதாக வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108.

பத்தாம் நாள் தையலில் ஒரு ஓரம் கசிகிறது. மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். (வேலூர் வாசகி)

மேற்கொண்டு கொடுக்காதீர்கள். இன்றைக்கே ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரிக்குப் போய், வாங்கிய அட்டையையும் காட்டுங்கள். மாத்திரை உள்ளே போனபின் மூட்டிலிருந்து நீரெடுத்துப் பரிசோதித்தால் கிருமி அகப்படாமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாமல் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆரம்ப வாரங்களிலேயே திறந்து கழுவினால் பலருக்கு மூட்டைக் காப்பாற்றிவிடலாம். மேலே புண் மூடி உள்ளே சீழ் தங்கினால் மூட்டையே கழற்ற வேண்டி வரும்.

வீட்டில் என்ன தயார் செய்ய வேண்டும்? (கோவை வாசகர்)

வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்தில் பிடிக்கக் கம்பி. கைப்பிடி உள்ள கெட்டியான நாற்காலி, உட்காரும் உயரம் 18 முதல் 20 அங்குலம். வழுக்கிப்போகிற பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கால்மிதிகளை எடுத்துவிடுங்கள். ராத்திரி பாத்ரூம் வழியில் விளக்கு எரியட்டும். வாக்கரில் நடக்க ஆபரேஷனுக்கு முன்பே பழகுவது நல்லது. முட்டிக்கு வைக்கத் தலையணை வாங்காதீர்கள்.

படியில் எந்தக் காலை முதலில் வைப்பது? (சென்னை வாசகி)

ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால்.

தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருக்கிறது. (நாகர்கோவில் வாசகர்)

தோலுக்கான சின்ன நரம்பு கீறலில் அறுபடுவதால் வருவது. மரத்த இடம் மாதக்கணக்கில் சுருங்கும், கொஞ்சம் மிஞ்சியும் இருக்கலாம். நடப்பதற்குக் கெடுதல் இல்லை. அந்த இடத்தில் மட்டும் வெந்நீர்ப்பை வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது.

சம்மணம் போட்டு உட்காரலாமா? (கும்பகோணம் வாசகர்)

சிலருக்கு மடங்கும். மடங்கினாலும் வழக்கமாக்க வேண்டாம், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தேயும். சாப்பாட்டை மேஜைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.