பிட்யூட்டரி ஆபரேஷனும் சைனஸும்: மூக்கு டாக்டர் பதில்கள்

மார்த்தாண்டம்: மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. மூக்கு வழியாக ஆபரேஷன், தேதி கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரமாக மஞ்சள் சளி. சொன்னால் தேதியைத் தள்ளிவிடுவார்களோ?

தள்ளத்தான் வேண்டும், அதற்காகத்தான் சொல்லவும் வேண்டும். கருவி போகிற பாதையே ஸ்பீனாய்டு சைனஸ், அதாவது மூக்குக்குப் பின்னால், பிட்யூட்டரியை ஒட்டியிருக்கும் காற்றறை. அதில் சீழ் இருக்கும்போது பின்சுவர் எலும்பைத் திறந்தால் கிருமி மூளையுறை வரை போகும். இரண்டு மூன்று வாரம் மருந்து, மறுபடி எண்டோஸ்கோப் (மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கேமரா), அப்புறம் ஆபரேஷன். பெரும்பாலான பிட்யூட்டரி கட்டிகள் மெதுவாக வளர்பவை, அதுவரை பொறுக்கும். கட்டிக்குள் ரத்தம் கசிந்து திடீரென்று கடும் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் மட்டும் காத்திருக்க நேரமில்லை.

கருங்கல்: மூக்கில் சதை வளர்ச்சி உண்டு. எனக்கு இந்த ஆபரேஷனே ஆகாதா?

ஆகும். சதையை முன்கூட்டியே சரி செய்துகொண்டு செய்வார்கள், சிலருக்கு ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிப்பதும் உண்டு. பழைய சிடி ஸ்கேனைக் கையோடு கொண்டுபோங்கள்.

குலசேகரம்: ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். ரப்பர் பால் எடுக்கக் குனியும்போது ஒரு பக்க மூக்கில் தண்ணீராகச் சொட்டுகிறது. பழைய சைனஸ்தானே என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன், நிற்கவில்லை.

மூன்று வாரத்தில் குனிந்து பால் எடுக்கவும் வாளி தூக்கவும் யார் சொன்னது? இந்த மாவட்டத்தில் மூக்கில் எது வந்தாலும் சைனஸ் என்று பெயர் வைத்து, மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை வாங்குகிற பழக்கத்தைப் பற்றி எத்தனை முறை எழுதுவது! ஆபரேஷனுக்குப் பிறகு, அதுவும் குனிந்தால் கூடுகிற, நிறமில்லாத, தொண்டைக்குள் உப்புக் கரிக்கிற தண்ணீர், மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம். கட்டி எடுத்த இடத்தை மூடிய அடைப்பு விலகினால் அப்படிக் கசியும். அந்த ஓட்டை வழியாகக் கிருமி உள்ளே போனால் மூளையுறைக் காய்ச்சல். சைனஸ் சளி கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ, நாற்றத்தோடு வரும். ஆனால் வித்தியாசத்தை வீட்டில் நீங்களே முடிவுசெய்ய வேண்டாம். அந்த நீரில் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற, மூளை நீரில் இருக்கும், சளியில் இருக்காத புரதம் இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் கசிவை நிறுத்தாது, காய்ச்சலைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான். இன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். காய்ச்சல், கழுத்து விறைப்பு, தலைவலி சேர்ந்தால் இரவு என்றும் பார்க்காதீர்கள். அதுவரை தலையை உயர்த்திப் படுங்கள், முக்காதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். மூக்கைச் சிந்தவே கூடாது, சிந்தினால் காற்று மண்டைக்குள் ஏறும்.

குளச்சல்: சிப்பி எடுக்க எப்போது முங்கலாம்?

மாதக்கணக்காகும். எண்டோஸ்கோப் வைத்து, உள்ளே முழுதாக ஆறிவிட்டது என்று உங்கள் சர்ஜன் சொன்ன பிறகுதான். அதுவரை வலை இழுப்பதும் வேண்டாம், மூக்கைச் சிந்துவதும் வேண்டாம்.

திருவட்டாறு: மூக்கில் பொருக்குக் கட்டுகிறது. உப்புத் தண்ணீர் விடச் சொன்னார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், அப்படியே விடலாமா?

கூடாது. குடிக்க நல்ல தண்ணீர் வேறு, மூக்குக்குள் விடுகிற தண்ணீர் வேறு. மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது, 2024-ல் பக்கத்துக் கேரளத்தில் குழந்தைகள் இறந்ததை மறந்துவிடாதீர்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்பு. கழுவும் பாட்டிலும் சுத்தமாக இருக்க வேண்டும். என்றைக்குத் தொடங்குவது என்று சர்ஜன் சொல்லட்டும். குளத்துக் குளியலும் திற்பரப்பு அருவியும் இப்போது வேண்டாம். பொருக்கை நகத்தால் பிய்க்காதீர்கள்.

நாகர்கோவில்: மீன்குழம்பு வாசனைகூடத் தெரியவில்லை. ஒரு மாதம் ஆகிறது.

வீக்கமும் பொருக்கும் போனால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பும். சிலருக்கு முழுதாக வராது. அதுவரை கேஸ் அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

தக்கலை: ஆபரேஷனுக்குப் பிறகு ஹைட்ரோகார்டிசோன் சாப்பிடும் அப்பாவுக்குச் சைனஸ் காய்ச்சல். ஸ்டீராய்டு கிருமியைக் கூட்டும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் நிறுத்திவிட்டோம்.

உடனே திரும்பக் கொடுங்கள். உடம்பு தானாகச் சுரக்க முடியாத ஹார்மோனைத்தான் அந்த ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை ஈடுகட்டுகிறது. காய்ச்சல் நாட்களில் வழக்கமாக இரண்டு மடங்கு கொடுக்கச் சொல்வார்கள், அவர் அளவை இப்போதே போனில் டாக்டரிடம் கேளுங்கள். வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குதல் இதில் ஒன்று இருந்தாலும் ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அவர் ஹைட்ரோகார்டிசோன் சாப்பிடுகிறவர் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.