உபுண்டுவை மாற்றியதும் பழைய சி நிரலில் ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ என்று வருகிறது; கம்பைலருக்கு எஃப்காமன் என்ற தெரிவைப் போட்டால் போய்விடுகிறது. அது போதுமா?

போதாது. தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள். செய்திதான் மறையும், கோளாறு உள்ளேயே இருக்கும்.

மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையின் எடை நிரலை நான் பார்த்துக்கொள்கிறேன். தராசிலிருந்து எடை வரும், சாக்கின் எடையைக் கழித்து ரசீது அடிக்கும். கணினியில் உபுண்டு 18.04ஐ எடுத்துவிட்டு 24.04 போட்டேன், அதோடு வரும் சி கம்பைலரான ஜிசிசி 7 போய் 13 வந்தது. உங்களுக்கு வந்த அதே பிழை வந்தது.

செயற்கூறுகளுக்கு வெளியே, மதிப்பு கொடுக்காமல் ஒரே பெயரில் இரண்டு கோப்புகளில் மாறியை அறிவித்தால், பழைய ஜிசிசியில் லிங்கர் (கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் கருவி) இரண்டையும் ஒரே இடத்தில் போட்டுவிடும். வகை ஒன்றுதானா என்று பார்க்காது. 2020இல் வந்த ஜிசிசி 10 முதல் இந்தச் சலுகை இயல்பாகக் கிடையாது. எஃப்காமன் அதைத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

பிழைச் செய்தி காட்டிய இரண்டு கோப்புகளையும் அருகருகே திறந்தேன். ரசீதுக் கோப்பில் சாக்கின் எடை ‘இன்ட்’, அதாவது முழு எண், கிராமில். இரவுக் கணக்குக் கோப்பில் அதே பெயர் ‘ஃபுளோட்’, அதாவது தசம எண். இரண்டும் நான்கு பைட். இன்ட் ஆக எழுதிய 650ஐ ஃபுளோட் ஆகப் படித்தால் கிட்டத்தட்ட பூஜ்ஜியம்தான் கிடைக்கும். ஆக, ரசீதில் சாக்கு கழிந்தது, இரவுக் கணக்கில் கழியவே இல்லை. கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். “ராத்திரிக் கணக்கு எப்போதும் கூடத்தான் காட்டும் தம்பி, சாக்குகளை எண்ணி நானே கழித்துக்கொள்வேன்” என்றார். விடியுமுன் கடைக்கு வருகிற மனிதர், ஒவ்வொரு இரவும் உட்கார்ந்து அதைக் கையால் கழித்திருக்கிறார். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது.

திருத்துவது எளிது. மாறியை ஒரே ஒரு சி கோப்பில் வைத்து, ஹெடரில் (மற்ற கோப்புகளில் சேர்க்கும் அறிவிப்புக் கோப்பில்) ‘எக்ஸ்டர்ன்’ போட்டு அறிவியுங்கள். அந்த மாறியைத் தொடும் எல்லாக் கோப்புகளிலும், அது இருக்கும் கோப்பு உட்பட, அந்த ஹெடரைச் சேருங்கள். வகை மாறினால் கம்பைலரே பிடித்துவிடும்.

அதற்கு முன் கம்பைலர் முன்பு உருவாக்கி வைத்த பழைய ஆப்ஜெக்ட் கோப்புகள் அனைத்தையும் அழித்துவிடுங்கள். பழைய கம்பைலரின் கோப்பும் புதியதும் கலந்திருந்தால், லிங்கர் சத்தமில்லாமல் இணைத்துவிடும். பிழை இல்லை என்று ஏமாந்துபோவீர்கள்.

சி++ கோப்புகளில் ‘யுஇன்ட்8_டி’ என்ற எண் வகை தெரியவில்லை என்று வந்தால் ‘சிஎஸ்டிடிஇன்ட்’ ஹெடரை நேரடியாகச் சேருங்கள். முன்பு வேறு ஹெடர்கள் வழியாகத் தானாக வந்துகொண்டிருந்தது, ஜிசிசி 13இல் பல இடங்களில் நின்றுவிட்டது. சி கோப்புகளில் அறிவிக்காத செயற்கூறை அழைத்தால் 13 எச்சரிக்கை மட்டும் தரும். 14இல் அதுவே பிழை. இப்போதே அவற்றையும் பார்த்துவிடுங்கள்.