மருத்துவம் கிடைக்காத மகளும் மூளைப் புரதங்களும்

அம்மா, வணக்கம். நீட் கைவிட்டுப் போய், பி.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், மூளை நோய்ப் புரதங்களை ஆராயப் போகிறேன் என்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள். பெயர் மறந்து, முகம் மறந்து போன பாட்டியோடு ஒரே வீட்டில் வளர்ந்த பெண் அவள். அந்த ஆசையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் துறையைப் பார்ப்போம். அல்சைமர் நோயில் மூளையில் படிவது அமிலாய்டு, டாவ் என்ற புரதங்கள். பார்க்கின்சனில் ஆல்பா சைனூக்ளின். தசையை முடக்கும் ஏ.எல்.எஸ். நோயில் டி.டி.பி.-43, இந்த நோயில் அது படிவது 2006இல்தான் கண்டறியப்பட்டது. புரதங்களை நொதியால் சிறு துண்டுகளாக வெட்டி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியில் எடை பார்த்து, எந்தத் துண்டு எந்தப் புரதத்துடையது என்று கண்டுபிடிக்கிறார்கள். சோதனைக்கு எடுத்த ஒரே ஒரு மாதிரியில் ஆயிரக்கணக்கான புரதங்கள் தெரியவரும். நோயாளியிடம் எது கூடியது, எது குறைந்தது என்று ஒப்பிடுவதுதான் வேலை. டாவ் புரதத்தின் 217ஆவது இடத்தில் பாஸ்பேட் ஒட்டிய வடிவம் அல்சைமரில் ரத்தத்திலேயே கூடுகிறது. அதை அளக்கும் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 மே மாதம் அனுமதி தந்தது. முன்பெல்லாம் முதுகுத்தண்டு நீர் எடுக்க வேண்டும், இல்லையென்றால் செலவு பிடிக்கும் பெட் ஸ்கேன். உங்கள் மாமியாருக்கு இப்படி ஒரு சோதனை அன்று இருந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, வழி என்ன? ஜாம் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி பிஎச்.டி. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. மூளை ஆராய்ச்சிக்குப் பெங்களூர் நல்ல இடம். அங்குள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தில் தானமாக வந்த மூளைகளைப் பாதுகாக்கும் மூளை வங்கியே இருக்கிறது.

ஒளிக்காமல் சொல்கிறேன், இது நீண்ட பாதை. பிஎச்.டி. மட்டும் ஐந்தாறு வருடம் இழுக்கும். ஆனால் எம்.எஸ்சி.யோடு நிறுத்தினாலும் நஷ்டமில்லை. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை ஓட்டத் தெரிந்தவர்கள் மருந்துக் கம்பெனிகளின் பரிசோதனைக் கூடங்களுக்குத் தேவைப்படுகிறார்கள். எனக்குக் கவலை வேறு: உயிரியல் பிடிக்கும், கணக்கு வேண்டாம் என்று இந்தப் பக்கம் வரும் பிள்ளைகள்தான் திணறுகிறார்கள். கருவி கொட்டும் எண்களில் பொருள் தேட புள்ளியியல் தெரிய வேண்டும், ஆர் (R) அல்லது பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதவும் வேண்டும். காசு கட்டிச் சேரும் மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு எதிலும் இப்போது சேர்க்காதீர்கள். அதற்குப் பதில் அறிவியல் அகாடமிகள் தரும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கட்டும். இரண்டு மாதம் ஆய்வகத்தில் நின்றால் பிடிக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

அடுத்த முறை அவளையும் கூட்டி வாருங்கள். கணிதத் தாள் மதிப்பெண்ணையும் எடுத்து வரட்டும்.