நடன அரங்கில் நிற்கும் குரல்

அன்புள்ள ஐயா,

பிரெண்டன் போயர் பாடிய 'தி ஹக்கிள்பக்' கேட்டேன். 'அயர்லாந்தின் எல்விஸ்' என்று அவரைச் சொல்கிறார்கள். தேடிப் பார்த்தால் அது 1940களின் அமெரிக்கப் பாட்டு. அதற்கு முன் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'கிஸ் மீ குயிக்'கோ அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பாடியதேதான். அடுத்தவர் பாட்டைப் பாடியே ஒருவர் எப்படி ஒரு நாட்டின் முன்னணிப் பாடகர் ஆனார்? நகலெடுப்பதில் என்ன கலை இருக்கிறது?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

இசைத்தட்டை வைத்து அளந்தால் உங்கள் கேள்வி நியாயம்தான். ஆனால் போயர் மாதிரி ஷோபேண்ட் (நடன அரங்குகளில் ஆடிப் பாடும் குழு) பாடகருக்கு இசைத்தட்டு என்பது விளம்பர நோட்டீஸ் மாதிரி. சோறு போட்டது நடன அரங்கு. அங்கே நின்று அவரைக் கேட்டால்தான் அவர் செய்த வேலை புரியும்.

1950கள் வரை அயர்லாந்தின் நடனக் குழுக்கள் ஸ்வரத்தாள் தாங்கிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தன. ஸ்ட்ராபேன் ஊரின் கிளிப்பர் கார்ல்டன் குழு அந்தத் தாங்கிகளை ஒதுக்கிவிட்டு, எழுந்து நின்று ஆடிப் பாடியது. ஷோபேண்ட் அப்படிப் பிறந்தது. வாட்டர்ஃபோர்டின் ராயல் ஷோபேண்ட் 1957இல் தொடங்கியது. ஏழு பேர். போயர் அதில் ட்ராம்போன் வாசிப்பவர். அவர் மைக் முன் வந்தால் ட்ராம்போன் ஓய்ந்துவிடும். மூன்று காற்று வாத்தியங்களுக்கான பகுதியை ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் மட்டும் தாங்க வேண்டும். ஆகவே அவர் பாடும் பாட்டுக்கு ஏற்பாடே வேறு.

நகலெடுப்பது என்கிறீர்கள். ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். புதுப் பாட்டு ரேடியோ லக்சம்பர்க்கில் ராத்திரி வரும். அலை ஏறி இறங்கும். தட்டு கைக்கு வந்ததும் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்து ஒருவர் வரிகளை எழுதுவார், ஒருவர் கூட்டுச் சுரங்களைப் பிடிப்பார், ஒருவர் காற்று வாத்தியப் பகுதியைப் பிரிப்பார். அடுத்தது சுருதி. ராக் அண்ட் ரோல் தட்டுகள் பல கிட்டாருக்கு வசதியான ஈ ஸ்கேலில் இருக்கும். ஆனால் ட்ரம்பெட் பி ஃப்ளாட் வாத்தியம்; அதன் தாளில் எழுதும் சுரம், ஒலிப்பதைவிட ஒரு முழுச் சுரம் மேலே இருக்கும். ஈ ஸ்கேல் பாட்டை வாசிக்க ட்ரம்பெட்காரர் தாளில் ஆறு ஷார்ப் (அரை சுரம் ஏற்றும் குறி) வந்து நிற்கும். வேகமான பாட்டில் விரல் தடுமாறும். அரை சுரம் இறக்கி ஈ ஃப்ளாட்டில் வைத்தால் அவருக்கு ஒரே ஒரு ஃப்ளாட் (அரை சுரம் இறக்கும் குறி), ஆல்டோ சாக்ஸுக்கு ஒன்றுமே இல்லை. விரல் வைக்காமல் மீட்டும் திறந்த கம்பி போய்விடுவதால் கஷ்டப்படுவது கிட்டார்க்காரர். பாடகருக்கோ உச்ச ஸ்வரம் கொஞ்சம் கீழே வந்துவிட்டது. தட்டில் கேட்ட குரலின் அந்த வெடிப்பு தானாக வராது. அழுத்தத்தால் அதை ஈடுகட்ட வேண்டும். தெரியாமல் அழுத்தினால் இரண்டாவது மணி நேரத்தில் குரல் கம்மிவிடும். எல்விஸ் ஸ்டூடியோவில் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பாடலாம். இவருக்கு ஒரே வாய்ப்பு, அதுவும் சுமாரான ஒலிபெருக்கியில், பின்னால் ட்ரம்பெட் முழங்க.

மூன்று மூன்று பாட்டாகத்தான் வாசிப்பார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம். ஆண் நடந்துபோய் ஆட அழைக்க வேண்டும். மூன்று பாட்டு முடிந்ததும் இருவரும் அவரவர் பக்கம் திரும்பிவிடுவார்கள். மூன்றுக்கும் நடை ஒன்றாக இருக்க வேண்டும். வால்ட்ஸ் (மூன்று தட்டு நடனம்) என்று நம்பி கைகோத்தவர்களுக்கு இரண்டாவது பாட்டு வேகமான ஜைவ் ஆட்டமாக வந்தால் கால் தடுமாறும், தளம் பாதி காலியாகிவிடும். அப்படி ஒரு முறை காலியான தளத்தை மறுபடி நிரப்புவது சிரமம். ஆகவே பாடகர் பாடிக்கொண்டே தளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்: மூச்சு வாங்குகிறார்களா, ஓரத்தில் நிற்பவர்கள் அதிகமா, மெதுநடைக்கு நேரம் வந்துவிட்டதா. இதில் போயர் மேதை என்பது என் கணிப்பு. 'ஹக்கிள்பக்' இடுப்பை எப்படி அசைக்க வேண்டும் என்று வரிகளிலேயே சொல்லித் தரும் பாட்டு. ஜோடி இல்லாதவரும் ஆடலாம். அதை அவர் முதலில் தானே ஆடிக் காட்டுவார். 1965இன் தொடக்கத்தில் அது அயர்லாந்தில் முதலிடம் பிடித்ததற்கு அந்த ஆட்டமே பெரிய காரணம். அதற்கு முன் 1963இல் 'கிஸ் மீ குயிக்'கும் முதலிடம் போயிருந்தது.

அரங்குகளில் மது கிடையாது, டீயும் சோடாவும்தான். பெரிய குழுக்கள் வாசல் வசூலில் பாதியும் அதற்கு மேலும் வாங்கின. திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டர் வரை தவக்காலத்தில் நடனம் நின்றுவிடும். அந்த ஏறத்தாழ ஏழு வாரமும் லண்டன், மான்செஸ்டர், பாஸ்டன், நியூயார்க் என்று குடியேறிய ஐரிஷ்காரர்களைத் தேடிப் போவார்கள். லண்டனில் கிரிக்கில்வுட்டின் கால்டிமோர் அரங்கு அவர்களுக்கு இன்னொரு ஊர். 1962 ஏப்ரலில் லிவர்பூலில் ராயல் பாடிய நிகழ்ச்சியில் அவர்களுக்கு முன் வாசித்த குழு பீட்டில்ஸ் என்றால் அன்றைய நிலவரம் விளங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழில் சாலையிலேயே கழிந்தது. விடியற்காலை இரண்டு மணிக்கு முடித்து, வாத்தியங்களை ஏற்றி, குறுகிய சாலையில் வீடு திரும்ப வேண்டும். ராயலில் போயரோடு பாடிய டாம் டன்ஃபி 1975 ஜூலை 29இல் ஒரு நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் கார் விபத்தில் இறந்தார். இரண்டே நாள் கழித்து, வட அயர்லாந்தின் பான்பிரிட்ஜில் வாசித்துவிட்டு டப்ளின் திரும்பிய மயாமி ஷோபேண்டை ஆயுதக் கும்பல் வழிமறித்தது. பாடகர் ஃபிரான் ஓ'டூல் உட்பட மூவர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு எல்லை தாண்டி வடக்கே பாடப் போகப் பல குழுக்கள் தயங்கின. வடக்கின் வருமானம் குறைந்தது. தெற்கிலோ மது விற்கும் ஹோட்டல் கூடங்களும் டிஸ்கோவும் வந்து, சோடா மட்டும் விற்ற அரங்குகளை ஏற்கெனவே காலி செய்துகொண்டிருந்தன.

போயரும் டன்ஃபியும் 1971லேயே ராயலை விட்டு 'பிக் 8' தொடங்கி, வருடத்தில் பாதியை லாஸ் வேகாஸில் பாடிக் கழித்தார்கள். அங்கே கேட்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், அசைய மாட்டார்கள். தளத்தைப் பார்த்துப் பாடப் பழகியவர் அந்த உட்கார்ந்த கூட்டத்தையும் பல வருடம் பிடித்து வைத்திருந்தார். 2020 மே 28இல் 81 வயதில் அந்த ஊரிலேயே காலமானார். 'ஹக்கிள்பக்'கை இன்னொரு முறை கேளுங்கள். இந்த முறை உட்கார்ந்து கேட்காதீர்கள்.