அத்தை, மாமாவோடு பியூஃபர்ட் போகலாமா?

கேள்வி: சார்லட்டில் இருக்கிறோம். கும்பகோணத்திலிருந்து என் மாமனார், மாமியார் ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். நயாகரா, நியூயார்க் எல்லாம் போன தடவையே முடிந்துவிட்டது. தென் கரோலினாவில் பியூஃபர்ட் என்று ஒரு சின்ன ஊர். பாசி தொங்கும் மரங்களும் பழைய வீடுகளுமாகப் படத்தில் பார்த்ததிலிருந்து ஒரு சனி ஞாயிறு அங்கே போக ஆசை. கணவரோ, "அங்க என்ன இருக்கு, மிர்ட்டில் பீச் போகலாம்" என்கிறார். அத்தைக்கு முழங்கால் வலி. மாமா பொதுப்பணித் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், எதைக் காட்டினாலும் "ம்" என்பதோடு சரி. இருவரும் சுத்த சைவம். போகலாமா, இல்லை வீண் செலவா?
— ஒரு மருமகள், சார்லட்

பதில்: போங்கள். ஆனால் கிளம்புமுன் ஊர்ப் பெயரைச் சரிபாருங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்கள் வட கரோலினாவிலேயே அதே எழுத்துகளில் இன்னொரு கடலோர ஊர் இருக்கிறது, அங்கே அதை "போஃபர்ட்" என்பார்கள். நீங்கள் ஆசைப்படுவது "பியூஃபர்ட்". போனில் மாநிலத்தைச் சேர்க்காமல் வழி கேட்டு, அரை நாள் வண்டி ஓட்டி, தப்பான ஊரில் இறங்கினால் உங்கள் கணவர் அதை அடுத்த பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார். சரியான பியூஃபர்ட்டுக்குச் சார்லட்டிலிருந்து சுமார் நாலு மணி நேரம். பாதி வழியில் கொலம்பியாவைத் தாண்டியதும் ஒரு முறை நிறுத்தினால் அத்தையின் காலுக்கு நல்லது.

"அங்க என்ன இருக்கு" என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: பெரிதாக ஒன்றும் இல்லை. ஆற்றை ஒட்டி பே ஸ்ட்ரீட் என்று ஒரு கடைத்தெரு. அதற்குக் கிழக்கே பத்துப் பன்னிரண்டு தெருக்களில் உயரமான அடித்தளத்தின் மேல், தெற்குக் காற்றைப் பிடிக்க நீளத் திண்ணை வைத்த பழைய வீடுகள். அவ்வளவுதான். படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் அரை நாளில் முடிந்துவிடும், அப்போது உங்கள் கணவர் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். அந்த வீடுகள் ஏன் இன்னும் நிற்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு போனால் இரண்டு நாளும் போதாது.

1861 நவம்பர் 7-ஆம் தேதி, அடிமை முறையை ஒட்டி அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர் தொடங்கிய சில மாதங்களில், வடக்குத் தரப்பின் கடற்படை பக்கத்திலிருந்த போர்ட் ராயல் துறையைப் பிடித்தது. பியூஃபர்ட்டின் வெள்ளைப் பண்ணையார்கள் ஏறக்குறைய ஒருவர் விடாமல் ஓடிவிட்டார்கள். அவர்களுடைய பருத்திக் காட்டில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்கள், சுற்றுத் தீவுகளையும் சேர்த்தால் ஏறக்குறைய பத்தாயிரம் பேர், அங்கேயே நின்றார்கள். வந்த படை அந்த மாளிகைகளை ஆஸ்பத்திரியாகவும் அலுவலகமாகவும் வைத்துக்கொண்டது. தெற்கே பல ஊர்கள் எரிந்தபோது இது தப்பியது அதனால்தான்.

ராபர்ட் ஸ்மால்ஸ் கதையை மாமாவுக்குக் காரிலேயே சொல்லிவிடுங்கள். 1839-ல் இதே ஊரில், பிரின்ஸ் ஸ்ட்ரீட்டில் ஒரு எஜமானர் வீட்டுப் பின்கட்டில் அடிமையாகப் பிறந்தவர். 1862 மே மாதம், வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலை, சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து 'பிளான்டர்' என்ற கப்பலைக் கிளப்பி, கேப்டனின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கோட்டைகளைக் கடக்கும்போது கொடுக்க வேண்டிய விசில் சமிக்ஞையைச் சரியாகக் கொடுத்து, மனைவி மக்களோடு வடக்குத் தரப்பிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது வயது 23. அப்புறம் வரிப் பாக்கிக்காக ஏலத்துக்கு வந்த தன் பழைய எஜமானரின் வீட்டையே வாங்கினார், நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார், 1915-ல் அந்த வீட்டிலேயே இறந்தார். 511 பிரின்ஸ் ஸ்ட்ரீட். உள்ளே போக வேண்டாம், தெருவில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். அடிமைகள் விடுதலை பெற்ற அந்தக் காலத்தைப் பற்றிய தேசியப் பூங்காவின் தகவல் நிலையம் கிரேவன் ஸ்ட்ரீட்டில் பழைய தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறது, இலவசம். அங்கேயே தொடங்கினால் நல்லது.

அத்தைக்கு நடை வேண்டாம், குதிரை வண்டிச் சுற்றுலா எடுங்கள். வண்டியில் போகும்போது திண்ணைக் கூரைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள், பல வீடுகளில் வெளிர் நீலம் அடித்திருக்கும். ஆவிகள் அண்டாமலிருக்க என்பது அங்குள்ள 'கல்லா' (Gullah) மக்களின், அதாவது அந்த அடிமைகளின் வழிவந்த கறுப்பினத்தவரின், நம்பிக்கை. திருஷ்டிப் பூசணி கட்டும் நமக்கு விளக்கவே வேண்டாம். அந்தத் தொங்கும் பாசி பாசியே அல்ல, அன்னாசிக் குடும்பத்துச் செடி. ஆசைப்பட்டுப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், கீழே கிடப்பதில் கடிக்கும் பூச்சி இருக்கும்.

ஞாயிறு காலை 21-ஆம் எண் சாலையில் செயின்ட் ஹெலெனா தீவுக்குப் போங்கள். விடுதலை பெற்றவர்களுக்காக 1862-ல் தொடங்கிய பென் பள்ளியின் வளாகம் அங்கேதான். 1960-களில் மார்ட்டின் லூதர் கிங் தன் ஆட்களோடு வந்து தங்கித் திட்டம் போட்ட இடமும் அதுவே. பெரிய ஓக் மரங்களின் நிழலில் அத்தையை உட்கார வைத்துவிட்டு நீங்கள் சுற்றலாம். அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் 1740-களில் கட்டிய ஒரு சின்னத் தேவாலயத்தின் இடிபாடு இருக்கிறது, 1886-ல் தீப்பிடித்த பிறகு சுவர் மட்டுமே மிச்சம். சிப்பி ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, மணலும் முழுச் சிப்பியும் தண்ணீரும் கலந்து, பலகை அச்சுக்குள் இடித்து எழுப்பிய சுவர். கிளிஞ்சல் சுண்ணாம்பு தெரிந்த மாமாவை அங்கே விட்டுவிட்டு நீங்கள் வாய் திறக்காமல் இருந்தாலே போதும். அதே சாலையின் கடைசியில் ஹன்டிங் தீவுக் கடற்கரை. கலங்கரை விளக்கத்துக்கு 167 படி, அதை மறந்துவிடுங்கள். ஆனால் கடல் அரிப்புக்குப் பயந்து கழற்றி மாட்டும்படி இரும்புத் தகடுகளால் கட்டினார்கள், 1889-ல் நிஜமாகவே கழற்றி உள்ளே தள்ளி நட்டார்கள் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

சாப்பாடுதான் உண்மையான சிக்கல். அங்கே "இறைச்சி இருக்கா" என்று கேட்பது தப்பான கேள்வி. நான் கேட்டேன், இல்லை என்றார்கள், பாதி சாப்பிட்ட பிறகு கீரைக்குள் பன்றித் துண்டு வந்தது. பொய் சொல்லவில்லை பாவம், ருசிக்குப் போடுவதை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. "எதில் வேகவைத்தீர்கள், எந்தக் கொழுப்பு" என்று கேளுங்கள். கீரை, பீன்ஸ், சிவப்புச் சோறு மூன்றிலும் சந்தேகப்படுங்கள். கிரிட்ஸ் என்பது மக்காச்சோள நொய்க் கஞ்சிதான், தண்ணீரில் வேகவைத்தது என்று உறுதியானால் இருவருக்கும் பிடிக்கும். சாலையோரத்தில் வேகவைத்த வேர்க்கடலை விற்பார்கள், உப்பு மட்டும் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், அத்தைக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். இருந்தாலும் சனிக்கிழமைக்குப் புளியோதரையைக் கட்டிக்கொண்டு, குக்கரையும் டிக்கியில் போட்டுவிடுங்கள்.

தங்குவதற்குப் படத்தில் வரும் பழைய வீட்டு விடுதிகள் உங்களுக்கு ஒத்துவராது. படி அதிகம், காலை உணவு பல இடங்களில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில், மாமா "ம்" கூடச் சொல்லமாட்டார். சமையலறையுள்ள தரைத்தள வீடு பாருங்கள். பக்கத்து பாரிஸ் தீவில் கடற்படைக் காலாட்படையின் பயிற்சி முகாம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பயிற்சி நிறைவு விழா இருக்கும், அந்த வாரங்களில் வியாழன் இரவு அறை கிடைப்பது கஷ்டம். ஏப்ரல் அல்லது அக்டோபர் கடைசியில் போங்கள். ஜூலையில் போனால் சென்னைப் புழுக்கத்தோடு கொசுவும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று. ஊரிலிருந்து தீவுப் பக்கம் போகும் வுட்ஸ் பாலம், படகு வந்தால் நடுப்பகுதி அப்படியே பக்கவாட்டில் சுழன்று வழிவிடும், வண்டிகள் எல்லாம் நிற்கும். உங்கள் கணவர் ஹாரன் அடிக்கத் துடிப்பார். மாமா தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடுங்கள்.